மூட்டு மாற்று மாநாடுகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றியவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. கட்டிலில் இருந்து எழுந்து வோக்கரைப் பிடிக்கும்வரை நடக்கிற பேச்சில் பாதி வலியைப் பற்றியது. மீதிப் பாதி, வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அறிவித்ததாக யாரோ அனுப்பிய வீடியோவைப் பற்றியது. லண்டனில் இருக்கும் மகன் ஒன்று அனுப்புவார், கனடாவில் இருக்கும் மருமகள் அதற்கு நேரெதிராக இன்னொன்று அனுப்புவார். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் என எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் காலுக்கு எது சரி என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே பேசுவது மாநாடுகளைப் பற்றி மட்டும்.

"டொக்டர் கொன்பரன்ஸுக்குப் போயிட்டாராம், இந்தக் கிழமை கிளினிக் இல்லையாம். அங்க போய் என்னதான் செய்யிறாங்க?"

பெரும்பாலும் மூன்று நான்கு நாள் நிகழ்ச்சி. ஒரு மண்டபத்தில் ஆய்வுகளை வாசிப்பார்கள். ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நேரம் முடிந்ததும் தலைமை வகிப்பவர் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நிறுத்திவிடுவார். அப்புறம் கேள்விகள். மேடை கிடைக்காத ஆய்வுகள் வெளியே போஸ்டர்களாகத் தொங்கும், இப்போது பல இடங்களில் திரையில் ஓடும். இன்னொரு மண்டபம் முழுக்கக் கம்பனிகளின் கடை.

இவற்றைவிடப் பயனுள்ளது கைப்பயிற்சி என்பது என் எண்ணம். பிளாஸ்டிக் எலும்பில் வெட்டிப் பழகுவார்கள், சில இடங்களில் தானம் செய்யப்பட்ட உடல்களில். எலும்புச் சீமெந்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூளையும் திரவத்தையும் கலந்தால் மூக்கில் ஏறும் நெடியோடு கூழாகும். கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் எலும்பில் வைத்து, செயற்கை மூட்டை அழுத்தி, அது சூடேறி இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அறை வெப்பமாக இருந்தால் சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே குளிர்நாட்டில் பழகிய நிமிடக் கணக்கை, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தியேட்டர் ஏசி முனகும் நாளில் அப்படியே நம்ப முடியாது. இந்த மாதிரி விஷயங்கள் மேடையில் வருவதைவிடத் தேநீர் வரிசையில்தான் அதிகம் வெளிவரும்.

"அவர் வெளிநாட்டில். அம்மாட காயத்தில தண்ணி மாதிரி வடியுது. அவர் வரும்வரைக்கும் பார்க்கலாமா?"

பார்க்கக் கூடாது. காயம் வடிதல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொறுப்பாக வேறொரு டொக்டர் இருப்பார். பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கி நீங்களாகவே கொடுக்கவும் வேண்டாம். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் பரிசோதனையை அது குழப்பிவிடும்.

"இதையெல்லாம் யார் நடத்துறது? அரசாங்கமா, கம்பனியா?"

இரண்டுமில்லை, சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கங்கள். 1929இல் பாரிஸில் தொடங்கிய சிக்கொட் என்ற சர்வதேசச் சங்கம் பழையது. அமெரிக்க எலும்பியல் அகாடமி 1933இலும், ஐரோப்பிய நாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃபோர்ட் 1991இலும் உருவாயின. இடுப்பும் முழங்காலும் மட்டும் செய்பவர்களுக்கு அமெரிக்காவில் தனிச் சங்கம் உண்டு. பல ஆண்டுகளாக டலஸ் பகுதியில் கூடுகிறது. மூட்டு மாற்றுத் தொழில்நுட்பத்துக்கென்றே இருப்பது இஸ்டா. அங்கே டொக்டர்களுக்குச் சமமாகப் பொறியியலாளர்களும் பேசுவார்கள். கணினி உதவியோடு செய்யும் சத்திரசிகிச்சைக்கு கேயோஸ் என்ற சங்கம் இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் எலும்பியல் சங்கங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன. நம் ஊர் டொக்டர்கள் பெரும்பாலும் போவது கொழும்புக்கு, அல்லது இந்தியாவுக்கு.

நிகழ்ச்சியைச் சங்கத்தின் குழு தீர்மானிக்கும், ஆய்வுச் சுருக்கங்களையும் அதுவே தெரிவு செய்யும். ஆனால் மண்டப வாடகையில் பெரும் பங்கு கம்பனிக் கடைகளிலிருந்து வருகிறது. அந்தச் சிக்கலுக்குக் கீழே வருகிறேன்.

"தொழில்நுட்பம் எண்டால் ரோபோதானே?"

ரோபோ வீடியோவில் நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மாநாட்டு நேரத்தில் பெரும் பகுதி பிளாஸ்டிக் தேய்மானம், கிருமித் தொற்று, இரத்த இழப்பைக் குறைப்பது, ஒப்பரேஷன் நாளிலேயே நடக்க வைப்பது போன்ற விஷயங்களுக்குத்தான் போகும்.

பிளாஸ்டிக்கின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைய இடுப்பு மூட்டின் தந்தை என்று சொல்லப்படும் ஜோன் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். 1950களின் இறுதியில் மூட்டுக் குழியை டெஃப்லோனில் செய்தார். நோயாளிகள் வலி இல்லாமல் நடந்தார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். சில ஆண்டுகளில் டெஃப்லோன் தேய்ந்து, அந்தத் துகள்கள் சுற்றியுள்ள திசுவைக் கெடுத்தன. ஏறக்குறைய 300 பேருக்கு வைத்த பிறகு அதைக் கைவிட வேண்டி வந்தது. துகள் உடலை என்ன செய்கிறது என்று பார்க்கத் தன் தொடைக்குள்ளேயே டெஃப்லோனை வைத்துக்கொண்ட மனிதர் அவர். 1962இல் கடினமான பொலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார், அது நின்றது. ஆனாலும் அவர் உடனே சந்தைக்கு விடவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து பழகியவர்களுக்கே முதலில் கொடுத்தார். இன்று வீடியோ வெளியிடும் வேகத்தைப் பார்க்கும்போது அவர் நினைவு வரும்.

"பெரிய மாநாட்டில பெரிய டொக்டர் சொன்னவர். அப்ப அது உறுதிதானே?"

இல்லை. மாநாடு என்பது ஒரு விஷயத்தை முதன்முதலாகப் பலர் முன் வைக்கும் இடம். அது சரியா என்று முடிவாவது பிறகுதான். மாநாட்டுக்குத் தெரிவாக ஒரு சிறு சுருக்கம் போதும். முழு ஆய்வாக இதழில் வருவதற்கு, மற்ற நிபுணர்கள் அதைத் துருவிப் பார்க்க வேண்டும். மருத்துவத் துறை முழுவதையும் சேர்த்து 2018இல் செய்த ஒரு தொகுப்பாய்வின்படி, மாநாடுகளில் வந்த சுருக்கங்களில் 100க்கு ஏறத்தாழ 37தான் பிறகு முழு ஆய்வாக வெளிவந்தன. மீதி எல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. எழுத நேரமில்லாமல் போயிருக்கலாம், முடிவு சுவாரசியமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவற்றை நம்பி உங்கள் முழங்காலைக் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, எத்தனை ஆண்டுகள் கவனித்தார்கள் என்று பாருங்கள். "இரண்டு ஆண்டுகளில் சிறந்த பலன்" என்பது மூட்டு மாற்றில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சார்ன்லியின் டெஃப்லோனும் தொடக்கத்தில் சிறந்த பலன்தான் தந்தது.

"அப்ப எது உண்மை எண்டு எப்பிடித்தான் தெரியும்?"

இங்கேதான் பதிவேடு வருகிறது. நாடு முழுவதும் யாருக்கு, எந்த மொடல், எப்போது வைத்தார்கள், எப்போது கழற்ற வேண்டி வந்தது என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பது. சுவீடன் 1975இல் முழங்காலுக்கும் 1979இல் இடுப்புக்கும் தொடங்கியது. அவுஸ்திரேலியா 1999இல். இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இல் பதியத் தொடங்கின. மேடையில் பேசுபவர் தன் திறமையான கையால் செய்த கேஸ்களைச் சொல்வார். பதிவேடோ ஊர்பேர் தெரியாத ஆஸ்பத்திரியில் சாதாரண டொக்டர் செய்ததையும் சேர்த்தே எண்ணும்.

ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டின் கதை இதற்குச் சரியான சாட்சி. டெப்யூ கம்பனி செய்த, உலோகத்தில் உலோகம் உராயும் மூட்டு அது. பிளாஸ்டிக் இல்லை, ஆகவே தேயாது, இளம் வயதினருக்கு ஏற்றது என்று 2003 முதல் விற்றார்கள். இப்படிப்பட்ட மூட்டுகளுக்கு மாநாடுகளிலும் அப்போது நல்ல மவுசு. 2007 அளவிலேயே அவுஸ்திரேலியப் பதிவேடு, இது மற்றவற்றைவிட அதிகமாகக் கழற்றப்படுகிறது என்று காட்டிவிட்டது. 2010 ஓகஸ்டில் கம்பனி உலகம் முழுவதிலுமிருந்து அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஏறக்குறைய 93,000 பேர் உடம்பில் அது இருந்தது.

"ரோபோ தானாகவே வெட்டுமாம். டொக்டர் சும்மா நிற்பாராம். உண்மையா?"

1992இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்பட்ட ரோபோடொக், இடுப்புக்கான தொடை எலும்புக் குழியைத் தானே குடைந்தது. ஜேர்மனியில் 1990களில் மளமளவென்று பரவியது. பிறகு தசைக் காயம் பற்றிய முறைப்பாடுகளும் வழக்குகளும் வந்து அதே வேகத்தில் அடங்கியது. இதற்கிடையில் 1997இல் பிரான்சின் கிரனோபிளில், வெட்டாமல் வழிமட்டும் காட்டும் கணினி முறையில் முழங்கால் மாற்றினார்கள். இன்று அதிகம் பேசப்படும் மாக்கோ வகை ரோபோ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. வாளைப் பிடிப்பது டொக்டர் கைதான். திட்டமிட்ட எல்லையைத் தாண்டினால் இயந்திரம் விடாது. ஆகவே சும்மா நிற்பதில்லை.

"அப்ப ரோபோவில செய்தால் கூட நாள் இருக்குமா? கடன் பட்டாவது செய்யலாமா?"

எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் வெட்டுவதில் ரோபோ திருத்தமானது. இதில் பெரிய சர்ச்சை இல்லை. அந்தத் திருத்தம் நோயாளியின் வாழ்க்கையில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கொரியாவில் ஏறக்குறைய 1,400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ரோபோவாலும் மறுபக்கம் வழக்கமான முறையாலும் முழங்கால் மாற்றினார்கள். குறைந்தது 10 ஆண்டுகள் கவனித்து 2020இல் வெளியிட்டார்கள். வலியிலும் சரி, நடையிலும் சரி, மூட்டு நின்ற காலத்திலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அது பழைய தலைமுறை ரோபோ, புதியவை வேறு என்று வாதிடுவார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் புதியவற்றுக்கு அந்தளவு நீண்ட கணக்கு இன்னும் சேரவில்லை.

கடன் பட்டு ரோபோவுக்குப் போவதைவிட, இந்த ஒப்பரேஷனை அடிக்கடி செய்யும் கையைத் தேடிப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காணியை ஈடு வைத்தாவது செய்யலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கும் இதையேதான் சொன்னேன்.

"நிலத்தில சம்மணம் போட்டு இருக்கலாம், தொழலாம் எண்டு புது முழங்கால் வந்திருக்காமே?"

திருகோணமலையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கோணேசர் கோயிலில் அமர்ந்து கும்பிடுபவரும் கேட்பார், தொழுகையில் நெற்றி நிலத்தில் பட ஸுஜூத் செய்ய வேண்டியவரும் கேட்பார், குந்தும் மலசலகூடம் மட்டுமே வீட்டில் உள்ளவரும் கேட்பார். ஆசிய மக்கள் தரையில் இருப்பவர்கள் என்பதால், அதிகம் மடங்கும் மொடல்களை 2000களில் கம்பனிகள் மாநாடுகளில் பெரிதாக முன்வைத்தன. வரைபடத்தில் 155 பாகை வரை மடங்கும். நடந்தது என்ன? ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், சாதாரண மொடலுக்கும் அதற்கும் உண்மையான மடக்கத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஒப்பரேஷனுக்கு முன் உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் மடங்குவதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2007இல் கொரியாவிலிருந்து வந்த ஓர் அறிக்கையில், அப்படியொரு மொடல் வைத்த முழங்கால்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் சில ஆண்டுகளிலேயே தொடை எலும்புப் பக்கம் தளர்ந்திருந்தன. குந்தி எழுந்தவர்களுக்கே அது அதிகம்.

பெரும்பாலானோருக்கு 110 முதல் 120 பாகை மடங்கும். நடக்க, கதிரையில் இருக்க, படி ஏற அது போதும். பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். குந்துவதற்கு அது போதாது. வீட்டில் கொமட் போடுங்கள். இயலாதவர் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள்.

"கம்பனிக் காசிலதானே போறாங்க? அப்ப அவங்கட சாமானைத்தானே போடுவாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான், வெட்கப்பட வேண்டாம். 2007இல் அமெரிக்க நீதித் திணைக்களம், ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் டொக்டர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் இடுப்பு, முழங்கால் மூட்டுக் கம்பனிகளைப் பிடித்தது. நான்கு கம்பனிகள் சேர்ந்து 31 கோடி டொலருக்கு மேல் கட்டின. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. ஐரோப்பிய மருத்துவக் கருவிக் கம்பனிகளின் அமைப்பு, 2018 முதல் டொக்டர் ஒருவருக்கு நேரடியாக மாநாட்டுச் செலவு கொடுப்பதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடுத்தது. மேடையில் பேசுபவர்களும் முதல் ஸ்லைடில் எந்தக் கம்பனியிடம் என்ன வாங்குகிறேன் என்று காட்ட வேண்டும். அந்த ஸ்லைட் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிப்போவதையும் பார்க்கலாம்.

கம்பனித் தொடர்பு இருப்பதால் மட்டும் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. புதிய மூட்டை வடிவமைப்பதில் டொக்டர் இல்லாமல் கம்பனியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வடிவமைத்தவரே "என் மூட்டு அருமை" என்று வாசித்தால், வேறொருவர் அதையே சொல்லும்வரை நான் காத்திருப்பேன்.

"ஒரு டொக்டர் சிரட்டைக்கும் பிளாஸ்டிக் போடணும் எண்டார், மற்றவர் தேவையில்லை எண்டார். மாநாட்டில ஒரு முடிவு எடுக்க மாட்டாங்களா?"

எடுக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் சொன்ன முழங்காற் சிரட்டை விஷயம், பல ஆண்டுகளாக மேடையில் இருவரை எதிரெதிரே நிறுத்தி விவாதம் நடத்தும் தலைப்பு. அமெரிக்காவில் பெரும்பாலும் போடுவார்கள், நோர்வேயில் பெரும்பாலும் போடமாட்டார்கள். இரண்டு நாட்டிலும் மக்கள் நடக்கிறார்கள். இரண்டு டொக்டருமே சரியாக இருக்கக்கூடிய கேள்வி இது.

சில விஷயங்களில் அப்படி விட முடியாது. செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் என்ன செய்வது என்பதற்கு, 2013இல் பிலடெல்பியாவில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, 200க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக வாக்களித்தார்கள். 2018இல் மறுபடி கூடினார்கள். சான்று குறைவான இடத்தில் அனுபவசாலிகளின் கருத்தைத் திரட்டுவது அது. அதைச் சான்றுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"எனக்குப் பழைய மொடலாம். புதுசு வந்திருக்கேக்க ஏன் பழசு?"

போனுக்குப் பொருந்தும் கணக்கு மூட்டுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் ஓடெப் என்ற குழு, ஒவ்வொரு மொடலுக்கும் எத்தனை ஆண்டுச் சான்று இருக்கிறது என்று தரம் கொடுக்கிறது. 10 ஏ, 15 ஏ என்று வரும். எண் கூடினால் வயதும் கூட, நம்பிக்கையும் கூட. எந்தச் சிகிச்சை தகும் என்று வழிகாட்டும் அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2014இல் இடுப்பு மூட்டுக்கு வைத்த அளவுகோல், 10 ஆண்டுகளில் 100க்கு 5க்கு மேல் மாற்ற வேண்டி வரக்கூடாது என்பது. நேற்று வந்த மொடல் இந்தப் பரீட்சைக்கு இன்னும் உட்காரவே இல்லை.

தேசியப் பதிவேடுகளை வைத்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுகளின்படி, முழு முழங்கால் மாற்றில் 100க்கு ஏறத்தாழ 82ம், இடுப்பு மாற்றில் 58ம் 25 ஆண்டுகள் நின்றன. அந்த 25 ஆண்டைக் காட்டியவை எல்லாம் நீங்கள் சொல்லும் "பழசு"தான்.

"நானும் போய்க் கேட்கலாமா? மகள் லண்டனில இருக்கிறா, டிக்கெட் போடுவா."

பொதுவாகத் தொழில் செய்பவர்களுக்கே அனுமதி, கட்டணமும் அதிகம். அந்தக் காசை வேறு நல்லதுக்குச் செலவழியுங்கள். இங்கிலாந்து, அவுஸ்திரேலியப் பதிவேடுகளின் ஆண்டறிக்கையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மகளிடம் அதைப் பார்த்து உங்கள் மொடலின் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.

"நான் இங்க தாதியாக இருக்கிறன். சின்ன ஊர் ஆக்களுக்கு மேடை கிடைக்குமா?"

கிடைக்கும். போஸ்டருக்கு இன்னும் எளிது. மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே சுருக்கம் கேட்பார்கள்; பெரும்பாலும் 250, 300 சொற்கள். நோக்கம், முறை, முடிவு என்ற ஒழுங்கில் எழுத வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு எடுக்க முடியாது. வருமானம் குறைந்த நாடுகளுக்குச் சில சங்கங்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன.

நம்மிடம் ரோபோ இல்லை, ஆனால் மற்றவர்களிடம் இல்லாத கேள்விகள் இருக்கின்றன. மூதூர்ப் பக்கம் வீடு திரும்பியவர் ஆறு மாதம் கழித்து எவ்வளவு மடக்குகிறார்? தரையில் இருக்க வேண்டாம் என்று சொல்லியும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? யாராவது ஒழுங்காக எழுதி வைத்தால், மேலே சொன்ன மடங்கும் மொடல் விவாதத்துக்கு அது நேரடியாக உதவும்.

"அந்தப் புதுச் சாமான் எப்ப இங்க வரும்? வைத்த பிறகு கம்பனி அந்த மொடலை நிறுத்தினால் என்ன செய்யிறது?"

முதலில், இலங்கைக்கு வரும் மருத்துவக் கருவி எதுவும் 2015ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிய வேண்டும். பதிந்தாலும் போதாது. ஒவ்வொரு மொடலுக்கும் தனிச் சத்திரசிகிச்சைக் கருவிப் பெட்டிகள் வேண்டும், தியேட்டர் ஆட்களுக்குப் பழக்கம் வேண்டும், எல்லா அளவும் கையிருப்பில் வேண்டும். மாநாட்டில் பார்த்ததை டொக்டர் அடுத்த மாதமே இங்கே செய்யாததற்குக் காரணம் இதுதான்.

நிறுத்தப்படுவது நடக்கக்கூடியதே. தேய்ந்த பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில், அதே மொடலின், அதே அளவின் துண்டு வேண்டும். கிடைக்காவிட்டால் நன்றாக இருக்கும் உலோகத்தையும் சேர்த்துக் கழற்ற வேண்டி வரலாம். ஆகவே எந்த மொடல் என்று தெரிந்திருப்பது முக்கியம். செயற்கை மூட்டுப் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பனிப் பெயர், மொடல், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். தியேட்டரில் அதை உங்கள் கோப்பில் ஒட்டுவார்கள். வீட்டுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியை டயக்னோசிஸ் காட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஏஎஸ்ஆர் மாதிரி ஒன்று திரும்பப் பெறப்பட்டால், அது உங்களுடையதா இல்லையா என்று அந்தத் தொகுதி எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும்.